யாருடைய இதயத்தை அளந்தார்கள்?

ஒஸ்லோவின் வெஸ்ட்லியில் ஐம்பதைத் தொட்ட ஒரு தமிழர் குடும்ப வைத்தியர் முன்னால் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது, புகைப்பழக்கம், பிரஷர், கொலஸ்திரோல், வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்ததா என்ற விவரங்களை வைத்தியர் கணினியில் இடுகிறார். அடுத்த பத்து ஆண்டில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு இத்தனை வீதம் என்று நொர்ரிஸ்க் 2 என்ற கணிப்பு முறை சொல்கிறது. 45 முதல் 54 வயது வரை எல்லைக்கோடு 5 வீதம், அடுத்த பத்து வயதுக்கு 10, அதற்கடுத்த பத்துக்கு 15. அந்தக் கோட்டைத் தாண்டினால் மருந்தைப் பற்றிப் பேச்சு எழும். தாண்டாவிட்டால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். அந்த நிம்மதிக்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்பதே என் கேள்வி.

2017இல் வெளிவந்த இந்த முறை, 1990களில் நோர்வேயில் உடற்பரிசோதனைக்கு வந்தவர்களின் தரவுகளில் எழுந்தது. நோர்வேஜியருக்கு இது நல்ல கருவி. பழைய கணக்குகள் அவர்களுடைய ஆபத்தைக் கூட்டிக் காட்டிய பிழையைத் திருத்தியது. ஆனால் அதன் எல்லைக்கோடுகள் 45இல்தான் தொடங்குகின்றன. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை உட்பட 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு ஏறக்குறைய 59. அந்த ஆறு ஆண்டு இந்தக் கோடுகளில் எங்கேயும் தெரியவில்லை.

நோர்வேயின் சொந்தத் தரவே இதைச் சொல்லிவிட்டது. 1994 முதல் 2009 வரை ஆஸ்பத்திரிப் பதிவுகளையும் மரணப் பதிவுகளையும் இணைத்து, ரபனாலும் அவருடைய சகாக்களும் 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நோர்வேயில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டால், தெற்காசியாவில் பிறந்தவர்களுக்கு ஆணிலும் பெண்ணிலும் மாரடைப்பு இரு மடங்குக்கு மேல். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்ட ஆய்வு இது. விருப்பப்பட்டு வந்தவர்களை மட்டும் எண்ணும் குறை இதில் இல்லை. என் தராசில் மிகக் கனமான சான்று இதுதான். இதன் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. பதிவேட்டுக்குப் பிறந்த நாடு தெரியும், தமிழர் என்ற ஆளைத் தெரியாது. 'தெற்காசியா' என்ற கூடைக்குள் பெரும்பான்மை பாகிஸ்தானியர்; அவர்கள் எங்களுக்கு முன்பே வந்து குடியேறி வயதானவர்கள். இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளோ அந்தக் கூடைக்குள் வரவேயில்லை.

2021ஆம் ஆண்டின் ஐரோப்பிய இதயவியல் வழிகாட்டி இந்தக் குறையைப் பெருக்கல் எண்களால் சரிக்கட்டப் பார்த்தது. கணித்த ஆபத்தை இந்தியருக்கும் வங்காளதேசத்தவருக்கும் 1.3ஆல், பாகிஸ்தானியருக்கு 1.7ஆல், பிற ஆசியருக்கு 1.1ஆல் பெருக்கச் சொல்கிறது. ஈழத் தமிழர் எங்கே? பெயரில்லாததால் 'பிற ஆசியர்' பெட்டிக்குள் விழுகிறோம். சென்னையில் பிறந்தவருக்கு 1.3, பாக்கு நீரிணையின் மறுகரையில் யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கு 1.1. இந்த வேறுபாடு உடலில் இருந்து வரவில்லை. பிரித்தானியப் படிவங்களில் மக்களை எப்படிப் பிரித்து எழுதினார்கள் என்பதிலிருந்து வந்தது. இதை அறிவியல் என்று ஏற்க என்னால் முடியாது.

எங்களையே அளந்த ஆய்வு ஒன்றும் உண்டு. 2000 முதல் 2002 வரை ஒஸ்லோவில் பரிசோதிக்கப்பட்ட 1145 இலங்கையரை, 2005இல் கண்டியில் பரிசோதிக்கப்பட்ட 233 பேரோடு ஒப்பிட்டு தென்னக்கோன் குழு 2010இல் எழுதியது. ஒஸ்லோக்காரருக்கு இடுப்புச் சுற்றளவும் உடற்பருமனும் கூட. ஆனால் பிரஷர் குறைவு, நல்ல கொலஸ்திரோல் அதிகம். புலம்பெயர்ந்தால் எல்லாம் கெட்டுப்போகும் என்ற எதிர்பார்ப்பை இது அசைத்தது. எதிர்பாராததை மறைக்காமல் எழுதிய நேர்மைக்காக இந்தக் கட்டுரையை மதிக்கிறேன். என்றாலும் இதிலிருந்து ஆறுதல் தேடுவது தவறு. ஒரு பக்கம் ஆயிரத்துக்கு மேல், மறுபக்கம் இருநூற்றுச் சொச்சம். இரத்தம் எடுத்தது வெறும் வயிற்றில் அல்ல. ஒருமுறை மட்டும் அளந்த ஆய்வு. பிறகு யாருக்கு மாரடைப்பு வந்தது என்று அது சொல்லாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கண்டி நகரம் யாழ்ப்பாணமும் அல்ல, பருத்தித்துறையும் அல்ல. ஒஸ்லோத் தமிழரில் பெரும்பாலோர் வடக்கிலிருந்து வந்தவர்கள். அவர்களின் உறவுகளை ஊரிலே அளந்திருந்தால்தான் புலம்பெயர்வு செய்ததை எடை போட முடியும். கண்டியோடு ஒப்பிட்டு நாங்கள் மேல் என்பது, பக்கத்து ஒழுங்கையில் இருப்பவருடைய கொலஸ்திரோலைக் காட்டி என் இதயத்துக்கு நற்சான்று தருவது போன்றது.

வெஸ்ட்லி அடங்கும் ஸ்டோவ்னர் வட்டாரத்திலும், குறூருட், பியர்க்கே வட்டாரங்களிலும் 2008 முதல் 2010 வரை 823 கர்ப்பிணிகளைத் தொடர்ந்த ஸ்டோர்க் ஆய்வையும் இங்கே சேர்க்கவேண்டும். பழைய உலக சுகாதார நிறுவன அளவுகோலில் கர்ப்பகாலச் சலரோகம் 13 வீதம். புதிய அளவுகோலைச் சற்று மாற்றி இட்டுப் பார்த்தபோது 31.5 வீதம். அதே பெண்கள், அதே இரத்தம். கோட்டை நகர்த்தியதால் நோயாளிக் கணக்கில் பாதிக்கு மேற்பட்டோர் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்று ஒருவர் இதைத் தள்ளிவிடலாம். நான் தள்ளமாட்டேன். கர்ப்பகாலச் சலரோகம் வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் சலரோகமும் இதயநோயும் வரும் வாய்ப்பு அதிகம் என்பது பல நாடுகளில் உறுதிப்பட்ட செய்தி. ஆனால் நொர்ரிஸ்க் சூத்திரத்தில் அவளுடைய கர்ப்பகாலத்துக்கு இடமில்லை; இடுப்புச் சுற்றளவுக்கும் இல்லை. எங்கள் உடல் முதலில் பேசும் இரண்டு இடங்கள் அவை.

சிகிச்சைப் பக்கம் வந்தால் என் தீர்ப்பு மாறுகிறது. 2025இல் முடிவு வெளிவந்த, நோர்வேயும் டென்மார்க்கும் சேர்ந்து நடத்திய பெட்டாமி–டான்பிளாக் பரிசோதனையில் மாரடைப்புக்குப் பின் இதயத்தின் இயக்கம் பெரிதாகக் குறையாத 5574 பேர் பங்கெடுத்தார்கள். பீட்டா பிளாக்கர் மாத்திரை குடித்தவர்களில் 14.2 வீதத்தினருக்கும் குடிக்காதவர்களில் 16.3 வீதத்தினருக்கும் மரணமோ பெரிய இதய, இரத்தநாளப் பாதிப்போ நேர்ந்தது. அதே நாட்களில் ஸ்பெயினும் இத்தாலியும் நடத்திய ரிபூட் ஆய்வில் பலன் தெரியவில்லை. இப்படி முரண்படும்போது மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது. இதயம் எவ்வளவு சுருங்கி விரிகிறது என்ற எக்கோ எண்ணைக் கேட்டு வைத்தியரோடு பேசவேண்டும். இங்கே தமிழர் எத்தனை பேர் என்ற கேள்வி என்னை அவ்வளவு உறுத்துவதில்லை. மருந்து ஆபத்தை எந்த விகிதத்தில் குறைக்கிறது என்பது பெரும்பாலும் இனம் தாண்டிச் செல்லும். தொடக்கத்தில் ஆபத்து எவ்வளவு இருந்தது என்பது அப்படிச் செல்லாது.

ஆகவே நோர்வேஜியரிடம் சோதித்த மருந்தை நம்பலாம். அவர்களை அளந்து செய்த கோட்டை, நாற்பதைத் தாண்டிய தமிழரின் இறுதி விடையாக ஏற்கக்கூடாது. ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டிய இடுப்பு, மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு, வாழ்நாளில் ஒருமுறையாவது லிப்போபுரோட்டீன் ஏ, பெண்களுக்குக் கர்ப்பகால வரலாறு ஆகியவற்றைக் கணினி எண்ணின் பக்கத்தில் வைத்துப் பார்க்குமாறு கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு.

ஒஸ்லோவில் அளக்கப்பட்ட அந்த 1145 பேர் அப்போது 30 முதல் 60 வயதுக்குள் இருந்தார்கள். இன்று ஐம்பதுகளின் நடுவிலிருந்து எண்பதுகளின் நடுவரை. நோர்வேயின் இதய, இரத்தநாள நோய்ப் பதிவேடு 2012இலிருந்து இயங்குகிறது. அன்றைய இடுப்பளவையும் இரத்தத்தையும் இன்றைய மாரடைப்புகளோடு இணைத்து, தமிழரைத் தனியே பிரித்துப் பார்த்தால், 1.1 சரியா 1.7 சரியா என்ற கேள்விக்கு விடை கிடைக்கத் தொடங்கும்.