கிருமியின் கதையும் பகைவனின் கதையும்

வைரஸ் என்னும் சொல்லை நம்முள் பலர் பாடநூலில் படித்ததைவிடத் திரையரங்கில் கேட்டதே மிகுதி. 2008-இல் வெளிவந்த ‘தசாவதாரம்’, 2011 தீபாவளிக்கு வெளிவந்த ‘ஏழாம் அறிவு’ ஆகிய இரண்டும் தமிழகத்தின் பட்டிதொட்டியெங்கும் பார்க்கப்பட்ட படங்கள். தொலைக்காட்சியின் வழியாகச் செம்மேட்டு வீடுகளுக்கும் அவை பலமுறை வந்து போயின. இவற்றோடு, 2019-இல் மலையாளத்தில் ஆஷிக் அபு இயக்கிய ‘வைரஸ்’ என்னும் படத்தையும் வைத்துப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. தொற்றுநோயைப் பொதுமக்களுக்கு எடுத்துச் சொல்ல முன்வரும் ஒரு படைப்பு, பார்ப்பவர் உள்ளத்தில் எத்தகைய வினாவை விட்டுச் செல்ல வேண்டும்?

சொல்லிலிருந்தே தொடங்கலாம். ‘வைரஸ்’ என்பது இலத்தீன் சொல். குருமடத்தில் இலத்தீன் பயின்றோர் அதற்கு நஞ்சு என்றே பொருள் கற்றோம். தமிழில் அதனை நச்சுயிரி என்றனர். கொரோனா காலத்தில் தீநுண்மி என்ற சொல்லும் பரவியது. இப்பெயர்கள் யாவற்றிலும் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. ஆனால் அறிவியல் காட்டும் வைரஸ் தீயதுமன்று, நல்லதுமன்று. அது புரத உறையொன்றுக்குள் பொதிந்து வைத்த மரபுச் செய்தி. உயிரணுவுக்கு வெளியே அது தானாக உண்பதில்லை, வளர்வதில்லை, பெருகுவதுமில்லை. தகுந்த உயிரணுவினுள் புகுந்தால் அந்த அணுவின் கருவிகளைக் கொண்டே தன்னைப் படியெடுத்துக்கொள்கிறது. அதற்கு நோக்கமும் இல்லை, வஞ்சமும் இல்லை. நோக்கமற்ற ஒன்றைக் கதையின் வில்லனாக்குவது கடினம். ஆகவே கதாசிரியர்கள் கிருமிக்குப் பின்னால் ஒரு மனிதனை நிறுத்திவிடுகிறார்கள். தமிழ்ப்படங்கள் இரண்டும் செய்தது அதுவே.

இரு தமிழ்ப்படங்கள்

‘தசாவதாரம்’ திரைத்தொழிலில் ஒரு சாதனை என்பதை மறுப்பதற்கில்லை. கமல்ஹாசன் பத்து வேடங்களில் தோன்றுகிறார். ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்ட கொலைக்கிருமி ஒன்று ஒரு சிறு குப்பியில் அடைபட்டு, அமெரிக்காவிலிருந்து தமிழகம் வரை ஓடுகிறது. அதனை அழிக்கவல்லது உப்பு. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுனாமியின் உப்புநீர் பெருக்கெடுத்து வந்து உலகைக் காக்கிறது என்பது முடிவு. ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற கடலலையை ஒரு மருந்தாகக் காட்டும் துணிச்சல், கடவுளைப் பற்றிய அப்படத்தின் விவாதத்தோடு பொருந்துகிறது என்று சிலர் சொல்வர். இருக்கலாம். ஆனால் கிருமியைப் பற்றி அது கற்பிப்பது என்ன? ஆபத்து ஒரு குப்பியில் இருக்கிறது, அக்குப்பி ஒரு கொடியவன் கையில் இருக்கிறது, தீர்வோ நம் அடுக்களையில் இருக்கிறது என்பதே.

உப்பைப் பற்றிய இத்தகைய நம்பிக்கை திரைக்கு வெளியிலும் உண்டு. 2020 மார்ச்சில் தென்கொரியாவின் சியோங்னாம் நகரில் ஓர் ஆலயத்தில், உப்புநீர் கொரோனாவைக் கொல்லும் என்று நம்பி, வழிபட வந்தோர் வாய்களில் ஒரே தெளிப்பானால் உப்புநீரைத் தெளித்தனர். தெளிப்பானே தொற்றைப் பரப்பியிருக்கலாம் என்று அதிகாரிகள் கருதினர். அச்சபையில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அவர்கள் நம் படத்தைப் பார்த்துச் செய்தவர்கள் அல்லர். எளிய தீர்வின் மீதுள்ள ஆசை எந்நாட்டுக்கும் பொது என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறேன்.

ஏ. ஆர். முருகதாசின் ‘ஏழாம் அறிவு’ இன்னும் ஒரு படி முன்னே செல்கிறது. சீனாவிலிருந்து வரும் ஒருவன் தெருநாய் ஒன்றுக்கு ஊசியிட்டு நோயைப் பரப்புகிறான். காஞ்சிபுரத்துப் போதிதர்மரின் மருத்துவ அறிவு, அவர் வழித்தோன்றலின் மரபணுவைத் தூண்டுவதால் மீண்டு வருகிறது. நோய்க்குக் காரணம் அயல்நாட்டான், மருந்தோ நம் முன்னோரின் பெருமை. முன்னோரின் கல்வி மரபணு வழியாக வந்து சேர்வதில்லை. அது ஏட்டின் வழியாகவும் ஆசிரியர் வழியாகவுமே வருகிறது. 2020-இல் கொரோனா வந்தபோது இப்படத்தின் காட்சிகளை எடுத்து, ‘அன்றே சொன்னார்கள்’ என்று பலர் கைப்பேசிகளில் பகிர்ந்தனர். பொழுதுபோக்குக்காகச் சொன்ன கதை, நெருக்கடி நேரத்தில் சான்றாக மாறிவிட்டது. ‘சினிமாதானே, இதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி?’ என்று கேட்போருக்கு இதுவே விடை.

‘யார்’ என்ற கேள்வியின் விலை

இவ்விரு படங்களும் விட்டுச் செல்லும் வினா, ‘யார் செய்தது?’ என்பது. நோய் வந்தவுடன் மனிதர் வழக்கமாகக் கேட்கும் வினாவும் அதுதான். பிறவிக் குருடரைக் கண்ட சீடர்கள் இயேசுவிடம் கேட்டதும், குற்றம் யாருடையது என்றே. ஆண்டவர் அக்கேள்விக்குள்ளேயே நுழைய மறுத்து, அந்த மனிதருக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார் என்று யோவான் ஒன்பதாம் அதிகாரம் சொல்கிறது.

நாமோ அக்கேள்வியை விடவில்லை. 2020 தொடக்கத்தில் கோழிமீது பழி விழுந்தது. கோழி இறைச்சியால் கொரோனா பரவும் என்ற வதந்தியால் நம் நாமக்கல்லின் பண்ணைத்தொழில் நொடித்தது. அடுத்து நோயாளிமீதே பழி விழுந்தது. 2020 ஏப்ரல் 19-ஆம் நாள் சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலஸ் கொரோனாவால் இறந்தார். அவர் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம் செய்ய எதிர்ப்பு எழுந்தது. வேலங்காட்டுக்குக் கொண்டுசென்றபோது ஒரு கூட்டம் கற்களாலும் கட்டைகளாலும் ஆம்புலன்சைத் தாக்கியது. நள்ளிரவில், காவலர் துணையோடு, நண்பரான ஒரு மருத்துவர் தம் கையாலேயே மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்தார். முறைப்படி பொதிந்து ஆழப் புதைத்த உடலிலிருந்து அத்தெருவினருக்கு நோய் வர வழியில்லை. அதனை அவர்களுக்குப் புரியும்படி எவரும் முன்கூட்டியே சொல்லியிருக்கவில்லை. உயிருக்குத் துணிந்து இறந்தோரை அடக்கம் செய்த தோபித்தை நீதிமான் எனப் போற்றும் நமக்கு இந்நிகழ்ச்சி எளிதில் மறக்கக்கூடியதன்று.

‘எப்படி’ என்று கேட்கும் படம்

‘வைரஸ்’ 2018 மே மாதத்தில் கோழிக்கோடு, மலப்புறம் மாவட்டங்களில் பரவி 17 உயிர்களைக் கொண்டுபோன நிபா நோயைப் பற்றியது. இப்படத்தில் வில்லன் இல்லை. ஒருவேளை இது திட்டமிட்ட உயிரியல் தாக்குதலோ என்ற ஐயத்தைப் படமே எழுப்புகிறது. முதலில் இறந்தவர்மீது சந்தேகம் திரும்புகிறது. பார்வதி ஏற்றிருக்கும் இளம் மருத்துவரோ வீடுவீடாகச் சென்று, யார் யாரை எங்கே எப்போது சந்தித்தார்கள் என்று பொறுமையாகக் கேட்கிறார். ஒருவரோடொருவர் தொடர்பே இல்லாதவர்போல் தோன்றியவர்கள் ஒரே மருத்துவமனையில், ஒரே வேளையில் இருந்தவர்கள் என்பது வெளிப்படுகிறது. சந்தேகம் கரைகிறது. சண்டைக்காட்சி எதுவுமின்றி, கேள்வியும் விடையுமாகவே ஒரு படத்தின் உச்சம் அமைந்திருப்பது அருமை.

தொற்று நடந்த வழியைப் பார்த்தால் உள்ளம் கனக்கிறது. நோயாளியின் அருகிலிருந்து நீர் கொடுத்தோர், தாங்கிப் பிடித்தோர், பணிவிடை செய்தோர் ஆகியோரையே நிபா எளிதில் தொற்றியது. பேராம்பிரா மருத்துவமனையின் செவிலியர் லினி அவ்வாறே இறந்தார். ரீமா கல்லிங்கல் அவரை மிகையின்றி நம்முன் நிறுத்துகிறார். அன்பு நடந்த பாதையிலேயே கிருமியும் நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டவன் நோயாளியைக் குற்றவாளியாகப் பார்க்கமாட்டான். முகக்கவசத்தையும் கையுறையையும் அன்பின் குறைவாகவும் எண்ணமாட்டான். இறந்தோரின் உடலை ஏற்க ஆளில்லாத வேளையில் அப்பொறுப்பைத் தம்மேல் எடுத்துக்கொள்ளும் மாநகராட்சி மருத்துவராக இந்திரஜித் வரும் காட்சிகளைச் சென்னை நிகழ்ச்சிக்குப் பின் பார்ப்போர் கலங்காமல் இருக்க முடியாது.

ஆராய்ச்சி என்பது தனியொரு மேதையின் மின்னல் அன்று என்பதையும் இப்படம் உணர்த்துகிறது. நிபாவின் வரலாறே அதற்குச் சான்று. 1998-99-இல் மலேசியாவின் பன்றிப்பண்ணைகளில் இந்நோய் தோன்றியபோது, அதனைக் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதினர். கொசு ஒழிப்பு நடந்தது, தடுப்பூசியும் போடப்பட்டது, சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்த பின்னரே கொசு அன்று, பன்றியே வழி என்பது தெளிவாயிற்று. அப்பன்றிகளுக்கு நோய் பழந்தின்னி வௌவாலிலிருந்து வந்தது என்பதும் பின்னர் அறியப்பட்டது. முதல் கருத்து தவறென்று கண்டு அதனை விட்டுவிடுவதும் அறிவியலின் வேலையே. கொரோனா காலத்தில் மருத்துவர்கள் சொல்லை மாற்றியபோது நாம் அதனை ஏமாற்று என்றோம். அது கற்றலின் அடையாளம் என்று நமக்குச் சொன்ன கதைகள் மிகக் குறைவு.

குறைகளும் உண்டு

‘வைரஸ்’ குறையற்ற படம் அன்று. புகழ்பெற்ற முகங்கள் நிறைந்து, யார் யார் என்று தொடர்வது முதல் அரைமணி நேரம் கடினமாகிறது. அதைவிடப் பெரிய குறை இறுதியில் இருக்கிறது. கீழே விழுந்த வௌவால் குஞ்சொன்றை முதல் நோயாளி பரிவோடு கையிலெடுப்பதாகப் படம் முடிகிறது. அழகிய காட்சிதான். ஆனால் கேரளத்தின் பழந்தின்னி வௌவால்களில் நிபா உண்டென்று ஆய்வு காட்டியதே தவிர, அம்மனிதருக்கு அது எவ்வழியில் வந்தது என்பது நிறுவப்படவில்லை. இரண்டு மணி நேரம் சான்றைத் தேடக் கற்பித்த படம், சான்றில்லாத இடத்தைக் கடைசியில் கற்பனையால் நிரப்பிவிடுகிறது. ‘இது இன்னும் தெரியவில்லை’ என்று முடிக்கும் துணிவு இருந்திருந்தால் படம் இன்னும் உயர்ந்திருக்கும். அதனால் வௌவால்மீதும் பழி விழாமல் இருந்திருக்கும். வௌவால்கள் கலங்கக்கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத சிற்றூர்கள் நம் தமிழகத்தில் உண்டு; மரங்களின் விதையைப் பரப்பும் அவ்வுயிரைக் கொல்வதால் நோய் ஒழியாது, நெருக்கமே மிகும்.

நம் பங்குகளின் இளையோர் மன்றங்கள் இம்மூன்று படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்து விவாதித்தால் நன்று. ஒவ்வொரு படத்தின் முடிவிலும் மூன்றைக் கேட்கலாம். நோய் எவ்வழியில் பரவுகிறது என்று இப்படம் சொன்னதா? யார்மீது வெறுப்புக் கொள்ள நம்மைத் தூண்டியது? நாளை நம் தெருவில் ஒருவர் நோயுற்றால் அவர் வீட்டு வாசலில் கஞ்சியை வைத்துவிட்டு வருவோமா, கதவை அடைப்போமா? மூன்றாவது வினாவுக்கு ‘வைரஸ்’ ஒன்றே நம்மை ஆயத்தப்படுத்துகிறது. தமிழில் அத்தகைய படமொன்று இனியேனும் வர வேண்டும்.