எஷரும் அல்ஹம்ராச் சுவரும்

ஹேக் நகரில், டச்சு இராணி எம்மாவின் குளிர்கால மாளிகையாக இருந்த கட்டடத்தில், 2002 முதல் எம். சி. எஷரின் (1898–1972) அருங்காட்சியகம் இயங்குகிறது. சென்ற விடுமுறையில் ராத்தாட மகன் என்னை அங்கே கூட்டிப் போனான். 'நீர்வீழ்ச்சி' (1961) முன்னால் கால்மணி நேரம் நின்றிருப்போம். விழும் தண்ணீர் சில்லைச் சுற்றுகிறது. வாய்க்கால் வழியே வளைந்து வளைந்து ஓடுகிறது. கடைசியில் பார்த்தால், விழத் தொடங்கிய உச்சிக்கே வந்து நிற்கிறது!

"மாமா, எந்த இடத்துல ஏமாத்துறார்?"

தேடிப் பார்த்தோம். ஒவ்வொரு மூலையும் தனியாகப் பார்த்தால் சரி. சேர்த்துப் பார்க்கும்போதுதான் பிழை.

மேல்மாடியில் ஆளைப் பெரிதாகவும் சிறிதாகவும் காட்டும் வேடிக்கைகள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு; அவ்வளவுதான்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. எஷர் 1922இலும், பின்பு மனைவியோடு 1936இலும் கிரனாடாவின் அல்ஹம்ராவுக்குப் போனார். இரண்டாம் முறை நாட்கணக்கில் இருந்து சுவரோடுகளின் கோலங்களைப் பிரதி செய்தார். அதன் பிறகுதான் இத்தாலிய நிலக்காட்சிகளை விட்டு, இடைவெளியில்லாமல் ஒன்றோடொன்று பொருந்தும் பறவைகளுக்கும் மீன்களுக்கும் வந்து சேர்ந்தார். இந்தக் கடனை அவர் ஒருபோதும் மறைக்கவில்லை. ஆகவே, "எல்லாம் எங்கட சொத்து" என்று நம்மவர்கள் மார்தட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால், உயிருருவங்களை விட்டுவிட்டு வெறும் வடிவங்களோடு அந்தக் கலைஞர்கள் நின்றுவிட்டார்களே என்று எஷர் வருந்தி எழுதியிருக்கிறார். இங்கேதான் நான் அவரோடு முரண்படுகிறேன். 'பகலும் இரவும்' (1938) படத்தில் வயல்கள் பறவைகளாகின்றன. 'இது பறவை' என்று அறிந்ததும் கண் அதில் தங்கிவிடுகிறது. அல்ஹம்ரா ஓட்டில் பெயர் சொல்லிப் பிடிக்க ஒன்றுமில்லை. அதனால் கண் போய்க்கொண்டே இருக்கிறது. அதே சுவர்களில், 'அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் இல்லை' என்ற வாசகமும் திரும்பத் திரும்ப வருகிறது. முடிவின்மையைக் காட்ட 'வட்ட எல்லை' படங்களில் எஷர் விளிம்பை நோக்கி உருவங்களைச் சிறிதாக்கிச் சிறிதாக்கிப் பாடுபடுகிறார். கிரனாடாக் கைவினைஞனோ சுவர் முடியும் இடத்தில் கோலத்தை அப்படியே வெட்டிவிடுகிறான். மிச்சம் சுவருக்கு அப்பால் இருக்கிறது.

உருவம் வேண்டாம் என்றவர்கள் அங்கே வரைவதை நிறுத்தவில்லை. இங்கே சில வாப்பாமார் சித்திரப் பாடத்தையே விடச் சொல்கிறார்கள். அப்படி விடப்போன ஒரு மாணவியிடம், ஊர் திரும்பியதும் கவராயத்தைக் கொடுத்து எட்டுமுனை நட்சத்திரக் கோலம் வரையச் சொன்னேன். மணி அடித்தும் அவள் எழும்பவில்லை. தாளின் ஓரத்தில் ஒரு நட்சத்திரம் பாதியில் நின்றிருந்தது.

"சேர், இத எங்க முடிக்கிற?"