எம்.சி.ஆர். செருப்பு: யார் காலுக்கு?

மயிலாப்பூரிலோ தி.நகரிலோ ‘கால் வலிக்குது’ என்று சொல்லிப் பாருங்கள். மாத்திரைப் பெயருக்கு முன்னால் ஒரு செருப்பின் பெயர் வந்து விழும்: ‘எம்.சி.ஆர். வாங்கிப் போடுங்க.’ குதிகால் வலிக்கும் அதுதான், மூட்டு வலிக்கும் அதுதான், சர்க்கரையால் பாதம் மரத்துப் போனவருக்கும் அதுதான். கடைகளிலும் இந்த எல்லாக் கால்களையும் ஒரே அலமாரிக்குத்தான் அனுப்புகிறார்கள். அங்கேதான் கோளாறு. வலிக்கிற காலுக்கும் வலியே தெரியாத காலுக்கும் வேண்டியது ஒன்றல்ல. எம்.சி.ஆர். வலி தெரியாத காலுக்காகப் பிறந்தது. அதற்குப் போய்ச் சேர்ந்த பெயர் இரண்டு கால்களுக்கும் சேர்த்து. அந்தப் பெயர் எவ்வளவு தூரம் நியாயம் என்று பார்க்கலாம்.

மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்ற அந்த மெத்தை ரப்பர், செருப்பாக வேரூன்றியது வேலூர்ப் பக்கம். கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளியின் பாதம் நோயால் தானாக அழுகுவதில்லை, உணர்ச்சி போன பாதத்தை அவர் தெரியாமல் மிதித்து மிதித்துப் புண்ணாக்கிக்கொள்கிறார் என்பதை அவர் எடுத்துக் காட்டினார். நமக்குச் செருப்புக்குள் ஒரு கல் புகுந்தால் இரண்டாவது அடியிலேயே நொண்டுவோம். மரத்த கால் நொண்டாது. அதே இடத்தில் அழுத்தம் விழுந்துகொண்டே இருக்கும். நொண்டிக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய வேலையைச் செருப்பு செய்தாக வேண்டும்.

வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-ல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனையில் வளர்ந்த எம்.சி.ஆர். செருப்பின் ஒவ்வொரு உறுப்புக்கும் இதிலிருந்துதான் காரணம் கிடைக்கிறது. உள்ளே பாதம் படும் இடத்தில், கடினத்தை அளக்கும் ஷோர் கணக்கில் சுமார் 15 டிகிரி மென்மையுள்ள ரப்பர். முன்பாதத்தில் ஒரே புள்ளியில் விழும் எடையை அது பரப்பிவிடும். அடியில் முள்ளும் கண்ணாடித் துண்டும் ஏறாத கெட்டி சோல். பின்னால் குதிகாலைச் சுற்றி ஒரு வார். செருப்பு கழன்று போனாலும் மரத்த காலுக்குத் தெரியாது என்பதால் அது கட்டாயம். ஆணி அடிப்பது கூடவே கூடாது. மென்மை இதில் ஒரு பகுதி மட்டுமே. கெட்டி சோலும் பின்வாரும் இல்லாவிட்டால் அது வெறும் மெத்தை.

தொழுநோயிலிருந்து சர்க்கரைக்கு இந்தச் செருப்பு வந்ததற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. ராயபுரம் எம்.வி. சர்க்கரை நோய் மருத்துவமனையின் ஆய்வு 2004-ல் வெளியானது. ஏற்கெனவே காலில் புண் வந்து ஆறிய 241 பேர். ஒரு பகுதியினருக்கு எம்.சி.ஆர். உள்ளடி, சிலருக்குப் பாலியூரித்தேன் நுரை, சிலருக்குக் கால் அச்செடுத்துச் செய்தது. மிச்சம் 50 பேர் கெட்டியான தோல் அட்டை உள்ளடி வைத்த தங்கள் வழக்கமான செருப்போடு. ஒன்பது மாதத்தில் சிகிச்சைச் செருப்பு போட்டவர்களில் 4 சதவீதம் பேருக்குப் புதிய புண். வழக்கமான செருப்பில் 33 சதவீதம். குழுக்கள் சமமாக இல்லை, ஒன்பது மாதமும் நீண்ட காலமல்ல. இதையெல்லாம் கழித்தாலும் வித்தியாசம் சின்னதாகிவிடவில்லை. கவனிக்க வேண்டிய இன்னொன்று: அச்செடுத்த உள்ளடியோடு ஒப்பிட்டபோது எளிய எம்.சி.ஆர். அழுத்தத்தைக் குறைப்பதில் பின்தங்கவில்லை. மரத்த காலுக்கு இது ஏழைக்கான மாற்று அல்ல, நல்ல செருப்பேதான்.

ஆனால் அந்த 241 பேருக்கும் கால் மரத்திருந்தது. ‘வலிக்குது’ என்று வருகிறவரைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

சென்னையில் செருப்புக் கடைக்கு வரும் வலிகளில் மிகப் பரிச்சயமானது குதிகால் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் உயிர் போகும். நாலு அடி நடந்தால் கொஞ்சம் அடங்கும். நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி பிடிக்கும். குதிகாலிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஓடும் நார்ப்பட்டை இழுபடுவதால் வருவது இது. அந்த இழுவையைக் குறைக்க, பாதத்தின் வளைவுக்கு ஒரு தாங்கல் வேண்டும். குதிகால் லேசாக உயர்ந்திருக்க வேண்டும். செருப்பு விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் மடங்கி, நடுவில் விறைப்பாக நிற்க வேண்டும். தட்டையான எம்.சி.ஆரில் வளைவுத் தாங்கல் கிடையாது. கடைகளில் அந்தப் பெயரில் கிடைப்பவற்றில் பல, இரு முனையையும் பிடித்துத் திருகினால் துணி போலத் திரும்புகின்றன. குதிகாலுக்கு மெத்தை கிடைக்கிறது, இழுவை அப்படியே இருக்கிறது.

‘எனக்கு எம்.சி.ஆர். போட்டதும் சரியாயிடுச்சே’ என்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அதற்கு முன் அவர்கள் போட்டிருந்தது தேய்ந்து காகிதமான ஹவாய் செருப்பு, அல்லது கிரானைட் தரையில் வெறுங்கால். அதிலிருந்து எதற்கு மாறினாலும் சுகம்தான். தவிர, இந்த வலி பெரும்பாலோருக்கு ஓராண்டு வாக்கில் தானாகவே தணிகிறது. கடைசியாகப் போட்ட செருப்பு பெயரைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறது. விலை கூடிய மாற்றும் இங்கே பெரிதாக ஜெயிக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் குதிகால் வலிக்காரர்கள் 135 பேரை வைத்துச் செய்து 2006-ல் வெளியான சோதனையில், அச்செடுத்த உள்ளடியும் கடையில் தயாராகக் கிடைக்கும் உள்ளடியும் மூன்றாம் மாதத்தில் கொஞ்சம் உதவின. பன்னிரண்டாம் மாதத்தில் போலி உள்ளடியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இல்லை. ஆகவே கெண்டைக்கால் நீட்டும் பயிற்சி, வளைவுள்ள சாதாரண உள்ளடி, குதிகால் தாங்கும் ஷூ என்று தொடங்குவதே விவேகம். ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் அவசரம் வேண்டாம்.

மெத்தென்று இருப்பதற்கு எதிர்த் துருவம், உள்ளடியெங்கும் முண்டுகள் வைத்த ‘அக்குப்பிரஷர்’ செருப்பு. வலிக்கிற காலுக்கு அந்த முண்டுகள் பிடித்திருந்தால் அது அவரவர் விருப்பம். மரத்த காலுக்கு அது தவறு. பரப்ப வேண்டிய அழுத்தத்தை அது புள்ளி புள்ளியாகக் குவிக்கிறது. விரலிடுக்கில் வார் ஏறும் செருப்பும் அப்படியே. அந்த இடுக்கில் வரும் புண் கண்ணில் படவே நாளாகும்.

இரண்டு கால்களுக்கும் பொதுவான குறை ஒன்று: அளவு. கடையில் நாம் கேட்கும் ஆறு, ஏழு எல்லாம் வெள்ளைக்காரன் விட்டுப்போன கணக்கு. ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நீளத்தில் 8.46 மி.மீ. தூரம், அகலத்தைப் பற்றி அந்த எண் வாய் திறப்பதில்லை. அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் 1,01,880 பேரின் கால்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. மேலைநாட்டுக் கால்களைவிட இந்தியக் கால்கள் அகலம் என்று அதில் தெரிந்தது. அதை வைத்து ‘பா’ என்ற இந்திய அளவு முறையையும் முன்வைத்தது. முன்பாதம் அகலமானவரும், கட்டைவிரல் மூட்டு புடைத்தவரும் இப்போது செய்வது, அகலத்துக்காக ஒரு எண் கூட்டி வாங்குவது. அப்போது குதிகால் பின்னால் இடம் விட்டு நிற்கும். செருப்பு மடங்குமிடமும் கால் மடங்குமிடமும் ஒத்துவராது. எண்ணைக் கூட்டாமல் வாங்கினால், ‘போடப் போட லூசாயிடும்மா’ என்பார் கடைப்பையன். தோல் ஓரளவு விட்டுக்கொடுக்கும் என்பது உண்மைதான். அந்த இடைவெளியில் கொப்புளம் வருவதைச் சர்க்கரைக்காரர் தாங்க முடியாது. வாங்கும் அன்றே சரியாக இல்லாத செருப்பு சரியான செருப்பு அல்ல.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை வீட்டுக்குள் இருக்கிறது. நெதர்லாந்தில், புண் வந்து ஆறிய 107 சர்க்கரைக்காரர்களுக்குச் செருப்பு கொடுத்து அவர்கள் எடுத்து வைத்த அடிகளை எண்ணிப் பார்த்தார்கள். ஆய்வு 2013-ல் வெளியானது. வெளியே போகும்போது 87 சதவீத அடிகளில் கொடுத்த செருப்பு காலில் இருந்தது. வீட்டில் 61 சதவீதம்தான். அவர்கள் அதிகம் நடந்ததோ வீட்டில். வீட்டுக்குள் செருப்பு போடுவது குற்றமாகத் தோன்றாத ஊரிலேயே இந்தக் கதை. வாசலில் கழற்றிவிட்டு, அடுப்படிக்கும் பூஜை அறைக்கும் மொட்டை மாடிக்கும் வெறுங்காலோடு நடக்கிற நம் வீடுகளில், நல்ல எம்.சி.ஆர். நாளின் பெரும்பகுதி செருப்பு ஸ்டாண்டில்தான் இருக்கும். ‘வீட்டுக்குள்ள செருப்பா?’ என்ற மாமியின் ஆட்சேபத்துக்கு மருத்துவர் பதில் சொல்லி முடியாது. தெருவே மிதிக்காத தனி ஜோடிதான் பதில். பூஜை அறை வாசலில் அதைக் கழற்றினால் போதும். கபாலீஸ்வரர் கோயில் பிராகாரத்தை உச்சிவெயிலில் வெறுங்காலோடு சுற்றுவதை மட்டும் மரத்த கால் உள்ளவர் விட்டுவிட வேண்டும். கல் சுடுவது அவருக்குத் தெரியாது. காலையிலோ விளக்கு வைத்த பிறகோ போகலாம்.

என் தீர்ப்பு இது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு எம்.சி.ஆர். வாங்கத் தகுந்தது, பின்வார், கெட்டி அடி, வெல்க்ரோவால் தளர்த்தவும் இறுக்கவும் முடிகிற அகலமான முன்வார் மூன்றும் இருந்தால் மட்டும். கட்டைவிரலால் உள்ளடியை அழுத்தும்போது கெட்டி அடி விரலுக்குத் தட்டுப்பட்டாலோ, பழைய ஜோடியில் முன்பாதப் பள்ளம் எழும்பாமல் நின்றுவிட்டாலோ, அதன் வேலை முடிந்தது. குதிகால் வலிக்கு மட்டும் என்றால் எம்.சி.ஆர். முதல் தேர்வல்ல. எது உங்கள் கால் என்று தெரியவில்லையா? செருப்புக் கடைக்கு முன்னால் சர்க்கரை மருத்துவரிடம் போங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து, தெரிகிறதா என்று கேட்பார். சில நிமிட வேலை. கால் வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் கடைக்குப் போய், நின்றபடி இரண்டு காலிலும் போட்டுப் பாருங்கள். மரத்த காலுக்கு இரண்டு ஜோடி வேண்டும், கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் என்றால், தெருவில் இப்போது போடுவது கெட்டியாகவும் கடிக்காமலும் இருக்கும் பட்சத்தில், முதலில் வாங்க வேண்டியது வீட்டுக்கான ஜோடி.