'இல்லை' என்று சொல்லும் திரை: கணினியின் தொடக்கப் பிழைச் செய்திகள் பற்றி

புத்தகத்துக்கு விமர்சனம் எழுதுகிறோம், சினிமாவுக்கு எழுதுகிறோம். கணினித் திரையில் வரும் பிழைச் செய்திக்கு யாரும் எழுதுவதில்லை. ஆனால் பதற்றத்தோடு ஒவ்வொரு சொல்லையும் திரும்பத் திரும்ப வாசிக்கிற எழுத்து எது என்று கேட்டால், டாக்டர் கொடுக்கும் ரிப்போர்ட்டுக்கு அடுத்து இதைத்தான் சொல்வேன். கணினி எழும்பாமல் நிற்கும்போதும், இயங்குதளம் நிறுவுகிற வேலை பாதியில் முறியும்போதும் வரும் செய்திகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

என் புகார் இதுதான்: 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லவேண்டிய இடத்தில் இவை 'இல்லை' என்று சொல்கின்றன. தமிழில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்த 'இல்லை'யை நம்பி, "ஃபார்மேட் பண்ணிடலாம் சார்" என்ற யோசனைக்குத் தலையாட்டிவிட்டு, பத்து வருடப் புகைப்படங்களை இழந்தவர்கள் ஏராளம். கோளாறு என்னவோ அரை மணி நேரத்தில் சரிசெய்யக்கூடியதாக இருந்திருக்கும்.

முதலில், கணினி எழும்புவது ஒரு அஞ்சல் ஓட்டம் மாதிரி. பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டில் இருக்கும் பயாஸ் (இப்போது யூஇஎஃப்ஐ) நினைவகம், விசைப்பலகை, வட்டு எல்லாவற்றையும் சோதிக்கிறது. பிறகு வட்டில் இருக்கும் ஒரு சிறு நிரலை எழுப்புகிறது. அது பூட்லோடரை எழுப்புகிறது, பூட்லோடர் கெர்னலை எழுப்புகிறது. கோல் எந்தக் கையில் இருக்கும்போது விழுந்ததோ, அந்தக் கைக்காரர்தான் திரையில் பேசுகிறார். ஆனால் 'பேசுவது நான்தான்' என்று அவர் சொல்வதே இல்லை. பாதிக் குழப்பம் இங்கிருந்துதான் வருகிறது.

ஒரு உதாரணம். பழைய கணினிகளில் பலர் பார்த்திருக்கும் செய்தி: 'மீடியா டெஸ்ட் ஃபெயிலியர், செக் கேபிள்'. பார்த்ததும் ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைத்தான் கழற்றி மாட்டத் தோன்றும். பேசுவதோ நெட்வொர்க் கார்டு! வட்டிலிருந்து எழும்ப முடியாததால், பயாஸ் வரிசையில் அடுத்து இருந்த நெட்வொர்க்கை முயன்றிருக்கிறது. அங்கே கம்பி செருகவில்லை என்று கார்டு புலம்புகிறது. உண்மையான செய்தி, அதாவது 'வட்டிலிருந்து தொடங்க முடியவில்லை' என்பது, திரைக்கு வரவே இல்லை.

இன்னும் உள்ளே போனால், டாஸ் காலத்திலிருந்து வரும் எம்பிஆர். வட்டின் முதல் 512 பைட். அதில் 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, 2 பைட் முத்திரைக்கு. மீதி 446 பைட்டுக்குள்தான் நிரலும் அதன் செய்திகளும் அடங்கவேண்டும். அதில் ஒரு செய்தி 'மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம்'. இது எப்போது வருகிறது தெரியுமா? பார்ட்டிஷனின் முதல் செக்டாரைப் படித்து, அதன் கடைசி இரண்டு பைட்டில் முத்திரை சரியாக இல்லாவிட்டால். இயங்குதளத்தின் கோப்புகள் அத்தனையும் பத்திரமாக இருக்கலாம். முத்திரை காணோம் என்பதற்காக வீடே காணோம் என்கிறது.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்து 'என்டிஎல்டிஆர் ஈஸ் மிஸ்ஸிங்' இதன் தம்பி. ஒரு கோப்பு காணோம் என்கிறதே தவிர, எந்த வட்டில் தேடினேன் என்று சொல்லாது. தொடங்கும் தகுதியில்லாத ஒரு பென்டிரைவ் செருகியிருந்து, பயாஸ் அதை முதலில் தேடினாலே இந்தச் செய்தி வரலாம். பென்டிரைவைப் பிடுங்கினால் போதும். விஸ்டாவில் 'பூட்எம்ஜிஆர் ஈஸ் மிஸ்ஸிங்' என்று பெயர் மாறியது, குணம் மாறவில்லை.

நிறுவும்போது வருவது இதைவிட மோசம். சாட்டா வட்டுகள் பரவிய பிறகு எக்ஸ்பி நிறுவப் போனவர்களுக்கு, 'உங்கள் கணினியில் ஹார்ட் டிஸ்க் எதுவும் காணப்படவில்லை' என்ற பொருளில் ஒரு நீலத்திரை வந்து நின்றது. வட்டு அங்கேயேதான் இருந்தது, பயாஸும் அதைக் காட்டியது. எக்ஸ்பியிடம் ஏஹெச்சிஐ டிரைவர் இல்லை, அவ்வளவுதான். இன்றும் பல புதிய இன்டெல் மடிக்கணினிகளில், விஎம்டி என்ற அமைப்பு இயங்கினால், விண்டோஸ் நிறுவியின் கண்ணுக்கு வட்டு தெரிவதில்லை. ஆனால் இப்போது செய்தி 'எங்களால் எந்த டிரைவையும் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று வந்து, பக்கத்திலேயே டிரைவர் ஏற்றுவதற்கு வழியும் காட்டுகிறது. பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளும் அந்த ஒரு சொல் மாற்றம் எவ்வளவு பெரியது பாருங்கள்.

446 பைட்டில் இதைவிட என்ன எழுதமுடியும் என்று கேட்கலாம். முடியும். லினக்ஸின் பழைய பூட்லோடரான லிலோ செய்துகாட்டியது. தன் பெயரின் நான்கு எழுத்துகளை ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் ஒவ்வொன்றாக அச்சடிக்கும். 'எல்' மட்டும் வந்து நின்றால், முதல் கட்டம் ஓடியது, இரண்டாவதை ஏற்ற முடியவில்லை. 'எல்ஐ' என்று நின்றால், இரண்டாவது ஏறியது, ஆனால் இயங்கவில்லை. நான்கும் வந்துவிட்டால் எல்லாம் ஏறிவிட்டது. நான்கே எழுத்தில் 'யார் பேசுகிறேன், எதுவரை வந்தேன்' என்ற இரண்டுக்கும் பதில்! என்னைக் கேட்டால், இந்த வகை எழுத்தில் இதுவரை வந்த சிறந்த படைப்பு அதுதான்.

பிறகு இடத்துக்குப் பஞ்சமில்லாத காலம் வந்தது. செய்திகள் கூர்மையாகியிருக்க வேண்டும், மழுங்கின. 2012-இல் விண்டோஸ் 8 சோக முகம் போட்டது. 2015-இல் விண்டோஸ் 10 நிறுவப் போனவர்களுக்கு வந்த ஒரு பெட்டியின் தலைப்பு 'சம்திங் ஹேப்பண்ட்'. உள்ளே விளக்கம்? மறுபடியும் 'சம்திங் ஹேப்பண்ட்'! ஏதோ நடந்ததுன்னு எங்களுக்கும் தெரியுதே, என்ன நடந்ததுன்னு சொல்லுங்க ஐயா. மொழி அமைப்பை அமெரிக்க ஆங்கிலத்துக்கு மாற்றியதும் பலருக்கு வேலை செய்தது. 2021-இல் விண்டோஸ் 11-க்கான சோதனைக் கருவி முதலில் 'இந்தக் கணினியில் ஓடாது' என்று மட்டும் சொல்லி, காரணத்தை விழுங்கியது. பல கணினிகளில் டிபிஎம் வசதி பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவே. கண்டனம் எழுந்த பிறகுதான் காரணம் காட்டினார்கள்.

'சாதாரண ஆட்களுக்கு விவரம் சொன்னால் மிரளுவார்கள்' என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். 2024 ஜூலை 19-ஐ நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஒரு பிழையான அப்டேட்டால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. விமான நிலையங்களில் வரிசை நின்றது. அந்த நீலத்திரையின் அடியில் சிறிய எழுத்தில் பழுதான டிரைவர் கோப்பின் பெயர் இருந்தது. பயணிக்கு அது புரியவேண்டியதில்லை. புரிந்துகொள்ள வேண்டியவர் கையில் துப்பு கிடைத்தது. சேஃப் மோடில் போய் ஒரு கோப்பை நீக்குவதுதான் தீர்வு. ஃபார்மேட் தேவைப்படவில்லை. 2025-இல் அறிவித்த புதிய கறுப்புத் திரையில் சோக முகத்தை எடுத்துவிட்டு டிரைவரின் பெயரை வைத்துக்கொண்டது எனக்குச் சரியான திசையாகத் தெரிகிறது.

நியாயமாக ஒரு நல்ல செய்தியையும் சொல்லவேண்டும். 'இந்த வட்டில் எம்பிஆர் அட்டவணை உள்ளது, இஎஃப்ஐ கணினியில் ஜிபிடி வட்டில்தான் நிறுவமுடியும்' என்று நிறுவி சொல்கிறதே, அது காரணத்தை உடைத்துச் சொல்கிறது. ஆனால் அடுத்த வரி இல்லை. வட்டில் ஏற்கெனவே விண்டோஸ் இருந்தால், தரவை அழிக்காமல் மாற்ற 2017 முதல் 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. திரை அதைச் சொல்லாததால், ஆட்கள் இணையத்தில் தேடி, டிஸ்க்பார்ட்டில் 'கிளீன்' என்று அடிக்கிறார்கள். அட்டவணையே போய்விடுகிறது. பிறகு அழுகை.

ஆக, ஒரு தொடக்கப் பிழைச் செய்தியிடம் நான் கேட்பது நான்கு: பேசுவது யார்? எங்கே தேடினாய்? எதைக் காணோம்? என் கோப்புகள் பத்திரமா? நான்காவது கேள்விக்கு நான் பார்த்த எந்தத் திரையும் பதில் சொன்னதில்லை. அது பதில் சொல்லும்வரை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, நிறுவாமல் அதிலிருந்தே கணினியை எழுப்புங்கள். உங்கள் வட்டு தெரிகிறதா, கோப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள். வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், அந்த மீட்புச் சாவியைத் தேடி எடுங்கள். வேண்டியதை வேறொரு வட்டுக்கு நகல் எடுத்த பிறகு, யார் ஃபார்மேட் பண்ணிடலாம் என்றாலும் சரி, பண்ணிக்கொள்ளட்டும்.