எத்தனை அடி உயரம்?

ஒரு நாள் தனிச் சுற்றுலா. காலை ஏழு மணிக்கு ஏ.சி. கார் வாசலில் வந்து நிற்கும். முன் சீட்டில் டிரைவர், பக்கத்தில் கைடு. பின் சீட்டில் நீங்கள், குடும்பம், முறுக்குப் பொட்டலம், தண்ணீர் பாட்டில். சாயங்காலம் ஆறு மணிக்குள் ஒரு சரித்திர நகரத்தையே முடித்துக் காட்டிவிடுவார்கள்.

'முடித்து' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். "தஞ்சாவூரை முடிச்சாச்சு சார்... நாளைக்குக் காலைல கும்பகோணத்தை முடிச்சிடலாம்!" ஆயிரம் வருஷமாக முடியாத ஊர், அரை நாளில் முடிந்துவிடுகிறது.

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். நாவலுக்கு எழுதுகிறோம். ஓட்டல் சாம்பாருக்குக்கூட எழுதுகிறோம். காசு வாங்கிக்கொண்டு எட்டு மணி நேரம் நமக்குச் சரித்திரம் சொல்கிறாரே ஒருவர், அவருடைய கதைக்கு மட்டும் யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. இந்த வாரம் எழுதிப் பார்ப்போம்.

நான் பார்த்தவரை பெரும்பாலான கைடுகளின் கதையில் மூன்றே மூன்று சரக்குதான். முதலாவது, அளவு. எத்தனை அடி, எத்தனை டன், எத்தனை தூண். இரண்டாவது, அதிசயம். மூன்றாவது, கடை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கார் தற்செயலாக ஒரு பட்டுக்கடை வாசலில் நிற்கும். "வாங்கணும்னு அவசியமில்ல சார், சும்மா பாருங்க!" கடையைப் பற்றிப் பிறகு பேசலாம். அதிசயத்துக்கு வருவோம்.

தஞ்சைப் பெரிய கோயில். "இந்தக் கோபுரத்தோட நிழல் தரையில விழாது சார்!" சொல்கிறவர் நிற்பதே சில சமயம் அந்த நிழலில்தான். சாயங்கால வெயிலில் விமானத்தின் நிழல் தாராளமாகத் தரையில் விழுகிறது. போய்ப் பாருங்கள். உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பதும் இதே ரகம். பல துண்டுகளைச் சேர்த்து அமைத்தது என்பதுதான் ஆராய்ந்தவர்கள் சொல்வது.

"பொய்யாகவே இருக்கட்டுமே, கேட்க நன்றாக இருக்கிறதே?" என்பீர்கள். இருக்கட்டும். அந்த இரண்டு நிமிஷத்தில் விட்டுப்போனது என்ன என்று பாருங்கள். அதே கோயில் சுவரில், 400 நடனப் பெண்களின் பெயர்களை ராஜராஜ சோழன் ஒவ்வொன்றாக வெட்டி வைத்திருக்கிறான். எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெரு, எத்தனையாவது வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல் என்பது வரைக்கும் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வீட்டு முகவரி! இதைவிட அதிசயம் வேண்டுமா? இதைச் சொல்லிவிட்டு, "அந்தத் தெரு இங்கேதான் எங்கியாவது இருந்திருக்கும் சார்" என்று கைடு கையைக் காட்டினால், உங்கள் பெண் குழந்தை அந்த ஊரை வாழ்நாளில் மறக்காது. நிழல் கதையை மறுநாளே மறந்துவிடும்.

பெரிய ஊர்களிலாவது அதிசயச் சரக்கு விலை போகிறது. அது கைவசம் இல்லாத ஊர்களுக்கு என்ன கதி? காரே நிற்காது.

மூங்கில்துறைப்பட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திருவண்ணாமலைக்குத் தெற்கே தென்பெண்ணைக் கரையில், 2019-ல் பிறந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. பெயரிலேயே ஒரு துறை உண்டு. வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கூட்டுறவு சர்க்கரை ஆலையும், கரும்பு ஏற்றிய டிராக்டர்களும்தான். அங்கிருந்து காலையில் கிளம்பி, ஆற்றை ஒட்டிக் கிழக்கே மணலூர்ப்பேட்டை, ஜம்பை, திருக்கோவிலூர் என்று ஒரே நாளில் போய்வரலாம். தமிழ்நாட்டில் இதைவிடக் கனமான ஒரு நாள் பயணம் அதிகம் இல்லை என்பது என் கட்சி.

வழக்கமான கைடு இங்கே என்ன செய்வார்? நேராகத் திருக்கோவிலூர். உலகளந்த பெருமாள் கோயில் வாசலில் நிறுத்தி, "ராஜகோபுரம் 192 அடி சார்!" என்பார். உள்ளே காலைத் தூக்கி நிற்கும் பெருமாளின் பிரம்மாண்டத்தைச் சொல்வார். பிறகு இடைகழிக் கதை. மழை இரவு. ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்கிற அளவு இடத்தில் பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூன்று பேரும் ஒதுங்க, நான்காவதாக ஒருவர் நெருக்கியடித்தார் என்பது ஐதீகம். இந்தக் கதையை நம் கைடுகள் பிரமாதமாகச் சொல்வார்கள். குறை சொல்ல மாட்டேன். காரணம், அதில் அடிக்கணக்கு இல்லை. நனைந்துபோன மனிதர்கள் இருக்கிறார்கள்.

அதற்கப்புறம் சாப்பாடு. அப்புறம், "திருவண்ணாமலை போயிடலாமா சார்?"

இப்போது விட்டுப்போனதைப் பார்ப்போம்.

அதே ஊரில், கீழையூர்ப் பக்கம் வீரட்டானேஸ்வரர் கோயில். அட்ட வீரட்டானங்களில் ஒன்று. அங்கே ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, இரண்டு சாவுகளைப் பற்றிச் சொல்கிறது. ஒன்று, கபிலருடையது. நண்பன் பாரி போன பிறகு, அவன் மகளை மலையமானிடம் ஒப்படைத்துவிட்டு, பெண்ணையாற்றுப் பாறை ஒன்றில் கபிலர் தீயில் இறங்கினார் என்கிறது. இன்னொன்று, ராஜராஜனின் தாய் வானவன் மாதேவியுடையது. மலையமான் வீட்டுப் பெண். கணவன் சுந்தர சோழன் இறந்தபோது, பால் மறவாத குழந்தையை விட்டுவிட்டுத் தீயில் இறங்கினாள்.

தஞ்சாவூரில் நிழல் விழாத கோயில் கட்டியவன் என்றார்களே, அவனுடைய அம்மா வீடு இது! இதைச் சொல்லாமல் 192 அடியைச் சொல்லிவிட்டுப் போனால் எப்படி?

ஆற்றில் இன்றும் ஒரு பாறை நிற்கிறது. தலையில் சின்னக் கோயில். கபிலர் குன்று என்கிறார்கள். நல்ல கைடு இங்கே இன்னொன்றும் சொல்வார்: "கபிலர் வடக்கிருந்து செத்தார்னும் ஒரு வழக்கு இருக்குங்க. இந்தக் கல்வெட்டு அவருக்குப் பல நூறு வருஷம் கழிச்சு வெட்டினது. ஊர் அவரை இப்படி ஞாபகம் வெச்சிருந்துச்சு. அவ்ளோதான் நாம சொல்ல முடியும்." கதையையும் சொல்லி, கதையின் வயதையும் சொல்லிவிட்டால் கேட்கிறவருக்கு மரியாதை. நிழல் கதையில் இல்லாதது இந்த மரியாதைதான்.

அடுத்தது ஜம்பை. மணலூர்ப்பேட்டை அருகே சின்ன ஊர். அங்கே குன்றின் குகையில் ஒற்றை வரித் தமிழ்ப் பிராமி எழுத்து. 1981-ல்தான் தமிழ்நாடு தொல்லியல் துறை அதைக் கண்டுபிடித்தது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த இருப்பிடம் என்பது அதன் சாரம். ஆம், ஔவைக்கு நெல்லிக்கனி தந்த அதே அதியமான்!

இதில் என்ன விசேஷம்? அசோகர் தன் கல்வெட்டில், தெற்கே தன் ஆட்சிக்கு வெளியே இருந்தவர்களைச் சொல்லும்போது சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு 'சதியபுத்திரர்' என்று ஒருவரையும் சொல்கிறார். அது யார் என்று அறிஞர்கள் நூறு வருஷத்துக்கும் மேல் மோதிக்கொண்டார்கள். பதில், கரும்புக் காட்டுக்கு நடுவே ஒரு பாறையில் எழுதியே இருந்தது. தகடூர்க்காரனான, அதாவது இன்றைய தர்மபுரிக்காரனான அதியமானுக்கு இங்கே என்ன வேலை? அவன் கோவலூரை வென்றதைப் பரணர் பாடியதாகப் புறநானூறு சொல்கிறது. கோவலூர்தான் திருக்கோவிலூர். பாட்டும் பாறையும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன. நிழல் விழாத அதிசயமெல்லாம் இதன் பக்கத்தில் நிற்குமா?

அதே ஜம்பையின் சிவன் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று உண்டு. வரி கேட்டு ஓர் அதிகாரி நெருக்கியதில், ஒரு பெண் விஷம் குடித்து இறந்துபோனாள். கூடிய சபை அதிகாரியைக் குற்றவாளி என்றது. அவன் கோயிலில் விளக்கெரிக்கக் காசு கட்டினான். ஒரு சாவுக்கு ஒரு விளக்கு. இது நியாயமா என்று காருக்குள் அரை மணி நேரம் சண்டை போடலாம். சரித்திரம் அப்படித்தான் உள்ளே போகும்.

சரி, நல்ல வழிகாட்டிக்கு இலக்கணம் என்ன? வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். மூங்கில்துறைப்பட்டிலிருந்து வடமேற்கே, சாத்தனூர் அணையைத் தாண்டினால் செங்கம். அந்த ஊர்த் தலைவன் நன்னனைப் பாடியதுதான் பத்துப்பாட்டில் உள்ள மலைபடுகடாம். பாடியவர் பெருங்கௌசிகனார். 583 அடி. கூத்தர் ஆற்றுப்படை என்றும் அதற்குப் பெயர். பரிசு வாங்கித் திரும்புகிற கூத்தன், எதிரே வருகிற கூத்தனுக்கு வழி சொல்கிறான். முழுப் பாட்டும் ஒரு கைடின் பேச்சு!

அவன் என்னவெல்லாம் சொல்கிறான் பாருங்கள். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும். தினைப்புனக் காவல்காரர்களின் கவண்கல் எங்கிருந்து வரும். எங்கே வழுக்கும். யார் வீட்டில் என்ன சாப்பாடு கிடைக்கும். வழியில் நட்டிருக்கும் நடுகல் யாருடைய பெயரைச் சொல்கிறது. வழி தவறினால் மேலே நடக்காதே, பாறையில் உட்கார்ந்து வாத்தியத்தை வாசி, காட்டு மக்கள் வந்து காட்டுவார்கள் என்கிறான். கவர்த்த வழி வந்தால், இடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போ என்றும் சொல்கிறான்.

எத்தனை அடி மலை என்று மட்டும் அவன் சொல்லவே இல்லை.

இந்தக் கூத்தனை அளவுகோலாக வைத்தால், இன்றைய கைடுகள் தோற்கிற இடம் தெரியும். அவன் போய்வந்த வழியைச் சொல்கிறான். இவர்கள் மனப்பாடம் செய்ததைச் சொல்கிறார்கள். அவன் அங்கே வாழ்கிறவர்களோடு நம்மைச் சேர்த்துவிடுகிறான். இவர்கள் கார் கண்ணாடியை இறக்கவே விடுவதில்லை. அவன் ஆபத்தைச் சொல்கிறான். கபிலர் குன்றுக்கு மணலில் இறங்கி நடக்கும் முன், சாத்தனூரில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று விசாரித்துச் சொல்வது இந்தக் காலத்து ஆற்றுப்படை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஃபெஞ்சல் புயலை ஒட்டி, 2024 டிசம்பர் 2 அதிகாலையில் அந்த அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டார்கள். கரையோர ஊர்கள் பட்ட பாடு ஊரறிந்தது.

குற்றம் கைடுகளுடையது மட்டுமா? கடை விஷயத்துக்கு இப்போது வருகிறேன். ஹோட்டல் ரூமுக்குக் கேட்ட காசைக் கொடுக்கிறோம். டீசலுக்குப் பேரம் பேசுவதில்லை. கைடிடம் மட்டும், "என்னப்பா, பேசறதுக்கா இவ்ளோ?" என்கிறோம். பேச்சுக்குக் காசு இல்லையென்றால் அவர் பட்டுக்கடைக் கமிஷனில்தான் வயிறு வளர்ப்பார். நாம் இறங்கியதும் கேட்கிற முதல் கேள்வியும், "எத்தனை அடி?" அவர் என்ன செய்வார்? கேட்டதைக் கொடுக்கிறார்.

லண்டனில் 'புளூ பேட்ஜ்' கைடு ஆக வேண்டுமானால் நீண்ட படிப்பு இருக்கிறது. எழுத்துத் தேர்வு இருக்கிறது. சர்ச்சிலும் தெருவிலும் நிறுத்தி வைத்து, பேசச் சொல்லி மார்க் போடுகிறார்கள். அந்தப் பட்டையைச் சட்டையில் குத்திக்கொள்வது அங்கே கௌரவம். நம்மூரிலும் சுற்றுலாத் துறை பயிற்சி கொடுத்து உரிமம் தருகிறது. அது மாமல்லபுரம், தஞ்சாவூரோடு நின்றுவிடாமல் மூங்கில்துறைப்பட்டு, மணலூர்ப்பேட்டைப் பிள்ளைகள் வரை வர வேண்டும். கல்வெட்டு வாசிக்கத் தெரிந்த நான்கு பட்டதாரிகள் உள்ளூரிலேயே கைடாக இருந்தால், ஜம்பைக் குகையை யாரும் காவல் காக்கவே தேவையில்லை. தினமும் யாராவது ஒருவர் அதைக் காட்டிக்கொண்டிருப்பார். காட்டப்படுகிற கல்லில் யாரும் பெயிண்டால் தன் பெயரை எழுதத் துணிய மாட்டார்கள்.

யாரும் சொல்லாத கல் என்ன ஆகும் தெரியுமா? செங்கம் பக்கத்து நடுகற்களைத் தொல்லியல் துறை படியெடுத்து, 1972-ல் 'செங்கம் நடுகற்கள்' என்று புத்தகமே போட்டது. மாடு மீட்கப் போய்ச் செத்த சாமானியர்களின் பெயர்கள் அப்படித்தான் நமக்குக் கிடைத்தன. யார் கண்ணிலும் படாத நடுகல், துணி துவைக்கிற கல்லாகவும் வாய்க்கால் பாலமாகவும் போய்விடுவதுண்டு. அவன் இரண்டாம் முறை சாகிறான்.

ஆகவே, அடுத்த முறை காரில் ஏறும்போது இரண்டு காரியம் செய்யுங்கள். கைடுக்கு முழுக் காசைப் பேசிவிட்டு, "கடை வேண்டாங்க" என்று அப்போதே சொல்லிவிடுங்கள். பிறகு, உங்கள் முதல் கேள்வியை மாற்றுங்கள்: "இங்க யாருங்க இருந்தாங்க? அவங்களுக்கு என்ன ஆச்சு?"

பதில் தெரியவில்லை என்றால் அவர் சங்கடப்படுவார். படட்டும். அடுத்த வாரம் வருகிறவருக்காகத் தேடித் தெரிந்துகொள்வார். கவர்த்த வழியில் நீங்கள் முடிந்து வைக்கும் புல் அதுதான்.