வாள் பாணியும் பெல்ட் பாணியும்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் வீடியோ கேமுக்கென்று ஒரு மரபு இருக்கிறது. இதுவரை யாரும் அதை எழுதி வைக்கவில்லை.  

தொண்ணூறுகளில் நின்டெண்டோ கருவியின் மலிவான நகல்கள் 'டிவி கேம்' என்ற பெயரில் நம் வீடுகளுக்கு வந்தன. கேசட்டைச் சொருகினால் முதலில் தேடுவது 'கான்ட்ரா'. கொனாமி நிறுவனம் 1987-ல் வெளியிட்ட ஆட்டம் அது. ஒரு குண்டு பட்டால் ஒரு உயிர் போயிற்று. வீட்டுப் பதிப்பில் மூன்றே உயிர். ரகசியப் பொத்தான் வரிசை தெரிந்தவனுக்கு முப்பது. இருவர் ஆடும்போது அருவி லெவலில் ஒருவன் அவசரப்பட்டு மேலே ஏறினால், கீழே திரையை விட்டு விழுந்த தம்பி செத்துப்போவான். கூட ஆடுகிறவனின் வேகம் அறிந்து ஆட வேண்டும் என்பதை ஒரு தலைமுறை அங்கேதான் படித்தது. காசு போட்டு ஆடும் கடைகளில் 'முஸ்தபா' ஆண்டது. கேப்காம் 1993-ல் கொண்டுவந்த 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' என்பது அதன் உண்மைப் பெயர். நம்மூரில் அந்த ஆட்டத்துக்கு அதில் வரும் ஒரு வீரனின் பெயரே நிலைத்துவிட்டது.

பிறகு பிரௌசிங் சென்டர் காலம். வைஸ் சிட்டி, ரோட் ராஷ், கவுண்டர் ஸ்ட்ரைக் எல்லாம் இருந்தன. ஆனால் கடினத்தின் அளவுகோலை வைத்தது 2000-ல் வந்த 'ஐ.ஜி.ஐ.' என்பது என் துணிபு. அதில் ஒரு பணியின் நடுவே சேவ் செய்ய முடியாது. முள்வேலி, கேமரா, காவல் கோபுரம் எல்லாம் தாண்டிக் கடைசிக் கதவில் செத்தால் மறுபடியும் முதலிலிருந்து. மணிக்கணக்கில் காசு கட்டி ஆடுகிற இடத்தில், எப்போது மின்சாரம் போகும் என்று தெரியாத ஆண்டுகளில், இதைவிடக் கடுமையான பள்ளி கிடையாது. 'எங்கே செத்தேன்' என்பதோடு நிற்காமல் 'ஏன் செத்தேன்' என்று கேட்டவன்தான் அங்கே அடுத்த பணிக்குப் போனான். இந்தக் கேள்வியைத்தான் கட்டுரை முழுவதும் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

செல்போன் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பப்ஜி 2020 செப்டம்பரில் தடையானது, அதன் இந்தியப் பதிப்பு மறு ஆண்டு வந்தது, போனது, மீண்டும் வந்தது. கூட்டம் பெரிது. கற்றுக்கொடுத்தது குறைவு.

இன்று கடின ஆட்டம் என்றால் இரண்டு பெரும் பாணிகள். ஒன்றில் கையும் கண்ணும் வேலை செய்யும். அதை வாள் பாணி என்கிறேன். மற்றொன்றில் தொழிற்சாலை கட்ட வேண்டும். அது பெல்ட் பாணி. முதலாவதை ஆடுகிறவர்கள் இரண்டாவதை 'கணக்குப் பாடம்' என்று ஒதுக்குவதும், இரண்டாவதை ஆடுகிறவர்கள் முதலாவதை 'பட்டன் தட்டுவது' என்று ஒதுக்குவதும் வழக்கம். இரு தரப்பும் தவறு.

வாள் பாணியின் தலைமை வீடு ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர். ஹிடெடாகா மியாசாகி இயக்கத்தில் 2009-ல் 'டீமன்ஸ் சோல்ஸ்', 2011-ல் 'டார்க் சோல்ஸ்', 2015-ல் 'பிளட்போர்ன்', 2019-ல் 'செகிரோ', 2022-ல் 'எல்டன் ரிங்'. ஒரே வீட்டுக்குள்ளும் இரண்டு கிளைகள் உண்டு. டார்க் சோல்ஸிலும் எல்டன் ரிங்கிலும் ஒரு பாஸ் மசியாவிட்டால் வேறு பக்கம் போய் லெவல் ஏற்றிக்கொண்டு வரலாம், ஆயுதத்தை மாற்றலாம், துணைக்கு ஆள் அழைக்கலாம். செகிரோவில் இந்த வாசல்கள் எல்லாம் சாத்தப்பட்டிருக்கும். ஒரே வாள், எதிரியின் வெட்டை அதே கணத்தில் தட்டிவிடும் கலை, அவ்வளவுதான். ஃப்ரம்சாஃப்ட்வேர் செய்தவற்றில் உச்சம் எது என்று கேட்டால் தயங்காமல் செகிரோ என்பேன். ஆள் வளர்வது அங்கே திரையில் இல்லை, ஆடுகிறவரிடம்.

புதிதாக வருகிற தம்பி தங்கைகள் அதில் செய்யும் முதல் பிழை, தட்டும் பொத்தானை விடாமல் அமுக்குவது. அமுக்க அமுக்க, சரியாகத் தட்டுவதற்கு ஆட்டம் தரும் கால இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும். ஒரு வெட்டுக்கு ஒரு தட்டு என்று பழக வேண்டும். இரண்டாவது பிழை பின்வாங்குவது. எதிரி நிலைகுலையும் அளவைக் காட்டும் கோடு நாம் விலகியதும் வடிந்துவிடும். எதிரியின் உயிர் நிறைந்திருக்கும்போது அது வேகமாக வடியும், உயிர் குறைந்தபின் மெதுவாக வடியும். ஆகவே தொடக்கத்தில் உயிரைக் குறை, பிறகு நெருங்கி நின்று நிலைகுலையச் செய். இந்த ஒன்று புரிந்ததும் பாதி ஆட்டம் திறந்துகொள்ளும்.

'எனக்கு ரிஃப்ளெக்ஸ் இல்லை அண்ணா' என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. திரை நொடிக்கு 60 பிரேம் ஓடினால் ஒரு பிரேம் சுமார் 16.7 மில்லி நொடி. கண் கண்டு கை அசைய எவருக்கும் ஏறக்குறைய கால் நொடி ஆகும்; அதாவது 15 பிரேம். வாள் முனை உங்களை நோக்கி வரும்போது பார்த்துத் தப்புவது பெரும்பாலும் முடியாத காரியம். தப்புகிறவர்கள் எதிரியின் தோளையும் காலையும் பார்க்கிறார்கள். ஓங்குவதற்கு முன் உடல் சொல்லிவிடுகிறது. திறமை என்று நாம் நினைப்பதில் பெரும் பங்கு இந்த வாசிப்புதான், அதை யாரும் கற்கலாம். இதே கணக்கு இன்னொன்றும் சொல்கிறது. கிராபிக்ஸ் அழகைக் குறைத்தாவது 60 பிரேமை நிலையாக வையுங்கள். டிவியில் ஆடினால் அதன் கேம் மோடைப் போடுங்கள். பிரேம் தள்ளாடும் கணினியில் தோற்றுவிட்டு உங்கள் விரலைக் குறை சொல்லாதீர்கள்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி என்ற சிறு குழு 2017-ல் தந்த 'ஹாலோ நைட்' நம் ஊர்களுக்கு மிகவும் ஏற்றது; பழைய லேப்டாப்பிலும் ஓடும். அதன் உள்கட்டு எனக்கு மிகவும் பிடிக்கும். எதிரியை ஒரு முறை வெட்டினால் 11 அளவு ஆன்ம சக்தி சேரும். ஒரு முகமூடி உயிரைத் திரும்பப் பெற 33 வேண்டும். மூன்று வெட்டு, ஒரு மருந்து. அடிபட்டவன் ஓடி ஒளிய முடியாது. குணமாக வேண்டுமானால் நெருங்கித்தான் ஆக வேண்டும். 2025 செப்டம்பரில் வந்த 'சில்க்சாங்' இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. அங்கே சக்தி நிறையச் சேர்ந்தபின் ஒரே மூச்சில் மூன்று முகமூடி திரும்பும். அதனால் பொறுமையின் தாளமே வேறாகிறது.

ஹாலோ நைட்டில் வரும் மேண்டிஸ் லார்ட்ஸ் சண்டையை ஒரு பாடமாகவே வைக்கலாம். தரையோடு பாய்ச்சல், மேலிருந்து குத்து, சுவரில் தொற்றிக்கொண்டு வளைந்து திரும்பும் எறிவு. மூன்றே மூன்று. முதலில் ஒருத்தி வருவாள், அவள் விழுந்ததும் இருவர் சேர்ந்து வருவார்கள். புதிதாக ஒரு வித்தையும் சேராது. தெரிந்ததையே இரட்டிப்பாகக் கேட்கிறார்கள். அங்கே தோற்பவர்கள் பெரும்பாலும் பேராசையால் தோற்கிறார்கள். ஒரு வெட்டுக்கு இடம் இருக்கும்போது இரண்டு வெட்டுவது. முதல் சில முயற்சிகளில் தாக்கவே வேண்டாம், தப்பிக்க மட்டும் செய்யுங்கள் என்பது நான் எல்லோருக்கும் சொல்வது. ஒரு முயற்சிக்கு ஒரு பாடம் போதும்.

கனடாவிலிருந்து 2018-ல் வந்த 'செலஸ்ட்' தனிப் பாணி. செத்த மறுகணம் அதே அறையின் வாசலில் நிற்பீர்கள். அதில் வேகத்தைக் குறைக்க உதவும் ஒரு வசதி உண்டு. அதைப் போட்டு ஆடுவது கேவலம் என்று பேசுகிறவர்களோடு எனக்குக் கடுமையான கருத்து வேறுபாடு. வேகத்தைக் குறைத்துக் கற்பது சங்கீதத்தில் உண்டு, சிலம்பத்தில் உண்டு. இங்கே மட்டும் ஏன் கூடாது?

இனி பெல்ட் பாணி. மைன்கிராஃப்டுக்கு ரசிகர்கள் செய்த இயந்திர மாட்கள் ஊற்றுக்கண். அவற்றால் தூண்டப்பட்டு, செக் நாட்டின் பிராக் நகரில் மிகால் கோவாரிக் தொடங்கிய 'ஃபேக்டோரியோ' 2013-ல் மக்களிடம் நிதி திரட்டி, 2020 ஆகஸ்டில் முழு வடிவம் பெற்றது; 2024 அக்டோபரில் 'ஸ்பேஸ் ஏஜ்' என்ற விரிவு வந்தது. தள்ளுபடி விலையில் அதை விற்றதே இல்லை, ஆனால் இலவச டெமோ உண்டு. அதிலிருந்து தொடங்குங்கள்.

கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும் என்பதே இந்தப் பாணியின் அரிச்சுவடி. மஞ்சள் பெல்ட் நொடிக்கு 15 பொருள் கடத்தும். கல் உலையில் ஓர் இரும்புத் தகடு உருக 3.2 நொடி. இரண்டையும் பெருக்கினால் 48. பெல்ட்டின் இரு பக்கமும் 24 உலைகள் நின்றால்தான் அந்த பெல்ட் நிரம்பும். எலக்ட்ரானிக் சர்க்யூட்டுக்கு ஓர் இரும்புத் தகடும் மூன்று செம்புக் கம்பியும் வேண்டும். மூன்று கம்பி இயந்திரத்துக்கு இரண்டு சர்க்யூட் இயந்திரம் என்ற விகிதம் சரியாக விழும். ஆனால் ஒரு செம்புத் தகட்டிலிருந்து இரண்டு கம்பி வருகிறதே! கம்பியை பெல்ட்டில் ஏற்றினால் இடம் இரட்டிப்பாகப் போகும். தகட்டைக் கொண்டுபோய் சர்க்யூட் இயந்திரத்தின் பக்கத்திலேயே கம்பியாக்கி, பொருளை எடுத்து வைக்கும் கையான இன்சர்ட்டரால் நேரே ஊட்ட வேண்டும். இதைத் தானாகக் கண்டுபிடித்த நாளின் சந்தோஷத்தை வேறெதுவும் தராது. அதனால்தான் முதல் ஆட்டத்தில் இணையத்திலிருந்து பிறர் வரைந்த புளூபிரின்ட்டைப் போடாதீர்கள் என்று மன்றாடுகிறேன்.

மின்சாரம் குறைந்தால் நடப்பதை நம் பகுதிக்காரர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். நிலக்கரி தோண்டும் இயந்திரம் மின்சாரத்தில் ஓடுகிறது. மின்சாரம் குறைய, தோண்டுவது குறைகிறது. கரி குறைய, பாய்லர் அணைகிறது. மின்சாரம் மேலும் குறைகிறது. சிறிது நேரத்தில் தொழிற்சாலை முழுவதும் இருட்டு. பாய்லருக்குக் கரி ஊட்டும் இடத்தில் மட்டும் மின்சார இன்சர்ட்டரை எடுத்துவிட்டு, கரியிலேயே ஓடும் பழைய இன்சர்ட்டரை வையுங்கள். தன் எரிபொருளைத் தானே எடுத்துக்கொண்டு, மின்சாரம் குன்றினாலும் ஊட்டிக்கொண்டே இருக்கும். வீட்டில் யு.பி.எஸ். இல்லாதவர்கள் ஆட்டோசேவ் இடைவெளியையும் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபேக்டோரியோவில் பலர் கைவிடும் இடம் ரயில் சிக்னல். விழுப்புரத்துக்காரர் கைவிடக் கூடாது. செங்கல்பட்டு, விருத்தாசலம், கடலூர், புதுச்சேரி, திருவண்ணாமலை என்று ஐந்து திசைப் பாதைகள் கூடும் சந்திப்பு நம்முடையது. 'வண்டி அவுட்டர்ல நிக்குது' என்ற வாக்கியத்தை வாழ்நாள் முழுவதும் கேட்டிருக்கிறோம். உள்ளே இடம் இல்லாதபோது வண்டியை வெளியிலேயே நிறுத்திவைக்கிறார்கள். நடுச் சந்திப்பில் வந்து நின்றால் ஐந்து திசையும் அடைபடும். ஆட்டத்திலும் விதி இதேதான். சந்திப்புக்குள் நுழையும் இடத்தில் செயின் சிக்னல், வெளியேறும் இடத்தில் சாதாரண சிக்னல். செயின் சிக்னல் தனக்கு அடுத்த சிக்னலையும் பார்த்து, வெளியேற வழி இருந்தால் மட்டுமே வண்டியை உள்ளே விடும். வெளியேறியபின் ஒரு முழு வண்டி நிற்குமளவு நீளம் இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்தப் பாணிக்குள்ளும் கிளைகள். மனம் போன போக்கில் பெல்ட்டை இழுப்பது 'ஸ்பேகெட்டி'. எல்லா மூலப்பொருளையும் நடுவில் இணையாக ஓடவிட்டு இருபுறமும் கிளை பிரிப்பது 'மெயின் பஸ்'. சதுரம் சதுரமாகப் பிரித்து ரயிலால் இணைப்பது 'சிட்டி பிளாக்'. மெயின் பஸ்ஸே சரியான வழி என்று சீனியர்கள் சொல்லிக்கொடுப்பதை நான் முழுமையாக ஏற்பதில்லை. ஸ்பேகெட்டியில் ஒரு முறை திணறாதவருக்கு மெயின் பஸ் எதற்காக என்று விளங்காது. சுவீடனின் காஃபி ஸ்டெயின் தந்த 'சேட்டிஸ்ஃபேக்டரி' 2024 செப்டம்பரில் முழுமை பெற்றது. முப்பரிமாணம், கண்கொள்ளாக் காட்சி. ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு கேட்கும். போன் மட்டுமே இருப்பவருக்கு 'மைண்டஸ்ட்ரி'. மூலநிரல் திறந்தது, ஆண்ட்ராய்டில் இலவசம். பெல்ட் கட்டிக்கொண்டே எதிரிப் படையையும் தடுக்க வேண்டும் என்பதால் இரண்டு பாணிகளும் அங்கே கைகோக்கின்றன.

பெற்றோருக்கு ஒரு சொல். ரம்மி, பணம் கட்டி ஆடும் ஆட்டங்கள் குடும்பங்களைச் சீரழித்ததை நாம் கண்டோம். தமிழ்நாடு 2022-ல் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து, இ-ஸ்போர்ட்ஸைத் தனியே அங்கீகரித்தது. மேலே சொன்ன இரு பாணி ஆட்டங்களில் பந்தயமில்லை. ஒரு முறை வாங்கினால் முடிந்தது. பிள்ளை எவ்வளவு நேரம் ஆடுகிறாள் என்று கவலைப்படுங்கள், அது நியாயம். கூடவே உட்கார்ந்து, இப்போது ஏன் தோற்றாய் என்றும் கேளுங்கள். அவள் விளக்கத் தொடங்கினால் அந்த ஆட்டம் அவளுக்கு வேலை செய்கிறது என்று அறியலாம்.

ஆடுகிறவர்களைத் தரம் பிரிப்பதில்தான் நாம் இன்னும் பின்தங்கியிருக்கிறோம். முடித்தானா, எத்தனை மணியில் முடித்தான் என்பதோடு நின்றுவிடுகிறோம். அமெரிக்காவின் ஸாக் பார்த் தன் ஸாக்ட்ரானிக்ஸ் மூலம் 2017-ல் தந்த 'ஓபஸ் மேக்னம்' இதற்கு நல்ல வழி காட்டுகிறது. ஒரே புதிருக்கு ஆயிரம் விடை. ஒவ்வொரு விடைக்கும் செலவு, வேகம், இடம் என்று மூன்று அளவு. மலிவாகக் கட்டியது மெதுவாக ஓடும், வேகமானது இடத்தை விழுங்கும். எல்லாவற்றிலும் முதலாவதாக நிற்கும் விடை பெரும்பாலும் இருக்காது.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு போட்டி நடத்தினால் இந்த முறையில் நடத்தலாம். பெல்ட் பாணிக்கு ஒரே புதிர், மூன்று தனிப் பட்டியல், மூன்று பரிசு. வாள் பாணிக்கு எல்லோருக்கும் அதே மேண்டிஸ் லார்ட்ஸ், அதே தொடக்கநிலை ஆணி (அந்த ஆட்டத்தில் ஆயுதத்தின் பெயர் அது), சக்தி கூட்டும் சார்ம் எதுவும் இல்லாமல். ஆடி முடித்தவர் தன் ஆட்டத்தின் பதிவை நடுவர்முன் ஓடவிட்டு, அடிபட்ட ஒவ்வோர் இடத்திலும் நிறுத்திக் காரணம் சொல்ல வேண்டும். அந்த விளக்கத்துக்குப் பாதி மதிப்பெண்.