மோரியார்ட்டி மாண்டானா?

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் உள்ள உணவகங்களில் மாணவர் கூடிப் பேசும் பொருள்களுள் திரைக்கதைக்குத் தனியிடம் உண்டு. 'பொன்னியின் செல்வன்' 2022, 2023ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாகத் திரைக்கு வந்தபொழுது, ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்னும் பழைய வினா, கல்கியை வாசித்திராத இளையோர் நாவிலும் ஏறியது. அதற்குப் பத்தாண்டுகள் முன்னரே ஆங்கிலத் துப்பறியும் நாடகமொன்று இதனினும் விந்தையான வினாவை எழுப்பியிருந்தது. அதில் கொன்றவன் யார் என்பதில் ஐயம் எழவில்லை. அவன் தன்னைத்தானே சுட்டுக்கொண்டான். அவன் மாண்டானா என்பதே ஐயமாயிற்று.

பி.பி.சி.யின் 'ஷெர்லக்' என்னும் அத்தொடரின் குறித்த பகுதி 2012 சனவரி 15இல் ஒளிபரப்பாயிற்று. இலண்டன் பார்த்தலோமியு மருத்துவமனையின் மொட்டை மாடியில் ஷெர்லக் ஹோம்சும் அவன் பகைவன் மோரியார்ட்டியும் எதிரெதிர் நிற்கின்றனர். மோரியார்ட்டி கைகுலுக்குவான் போல ஹோம்சின் கையைப் பற்றிக்கொண்டு, மறுகையிலுள்ள துப்பாக்கியைத் தன் வாயில் வைத்துச் சுட்டுக்கொள்கிறான். பின்னர் ஹோம்சும் மாடியினின்று கீழே விழுகிறான். ஆயின் நாடகத்தின் இறுதிக் காட்சியில், தன் கல்லறையருகே நிற்கும் நண்பனை ஹோம்ஸ் மறைந்து நின்று நோக்குகிறான். ஒருவன் சாவு பொய்யென ஆசிரியர்களே காட்டிவிட்டபின், மற்றவன் சாவை மட்டும் மெய்யெனக் கொள்வது எங்ஙனம்? இவ்வினாவே இரசிகர் ஊகங்கள் அனைத்திற்கும் வித்து. துப்பாக்கி போலி என்றனர் சிலர். குருதி முன்னரே அமைத்துவைத்த சாயம் என்றனர் வேறு சிலர். மாண்டவன் இரட்டையருள் ஒருவன் என்றாரும் உளர். ஹோம்சின் கல்லறை காட்டப்பட, மோரியார்ட்டியின் அடக்கம் காட்டப்படாமையையும் அவர்கள் சுட்டினர்.

இவற்றைப் பொழுதுபோக்குப் பேச்சு என்று தள்ளுவார் மூலக்கதையை மறந்தவராவர். ஆர்தர் கோனன் டாயில், தம் துப்பறிவாளனை ஒழித்துக்கட்டும் பொருட்டே மோரியார்ட்டியைப் படைத்து, 1893 திசம்பரில் இருவரையும் சுவிட்சர்லாந்தின் ரைக்கன்பாக் அருவியில் வீழ்த்தினார். வாட்சன் அங்கே கண்டவை, அருவியின் விளிம்பை நோக்கிச் சென்ற இருவர் அடிச்சுவடுகளும் ஹோம்ஸ் எழுதிவைத்த மடலுமே. திரும்பிய சுவடு ஒன்றும் காணப்படவில்லை, உடல்கள் கிட்டவில்லை. 1903இல் ஹோம்சை மீட்க நேர்ந்தபொழுது, அவன் சுவடு படாமல் பாறைமேல் ஏறித் தப்பினான் என டாயில் எழுதினார். திரும்பிய சுவடு இன்மை இறப்பிற்குச் சான்றாகாது என்பதை ஆசிரியரே இவ்வாறு ஒப்பிவிட்டார்! மோரியார்ட்டி பாறையில் மோதி நீரில் வீழ்ந்ததைத் தான் கண்டதாக ஹோம்ஸ் கூறுகிறான். அச்சாட்சி எத்தகையவன்? மூன்றாண்டுக் காலம் தன் உயிர்நண்பனையே தான் இறந்துவிட்டதாக நம்பவிட்டவன்.

டாயிலின் கவனக்குறைவும் ஊகிப்பார்க்கு வாய்ப்பளித்தது. முதற்கதையில் மோரியார்ட்டியின் பெயரையே கேட்டறியாத வாட்சன், அதற்கு முந்திய காலத்தில் நிகழ்வதாகப் பின்னர் எழுதப்பட்ட நாவலில் அவனை நன்கறிந்தவனாகப் பேசுகிறான். மோரியார்ட்டியின் உடன்பிறந்தானுக்கு ஜேம்ஸ் என்று பெயர். பின்னொரு கதையில் மோரியார்ட்டிக்கும் அதே பெயர்! 1911இல் ரொனால்டு நாக்ஸ், பிற்காலக் கதைகள் வாட்சன் புனைந்தவை என்று விளையாட்டாக வாதிட்டார். 1974இல் வெளிவந்த நிக்கோலஸ் மேயரின் நாவலில் மோரியார்ட்டி தீங்கறியாக் கணித ஆசிரியனாகவே ஆகிவிட்டான்.

எனினும் எல்லா ஊகமும் ஒரு தரத்தன அல்ல. மூலக்கதையில் மோரியார்ட்டி தப்பினான் என்பார் மோரன் என்பவனை மறந்துவிடுகின்றனர். மோரியார்ட்டியின் வலக்கையாகிய அவன் அருவியருகே மறைந்திருந்து ஹோம்ஸ்மீது கற்பாறைகளை உருட்டியவன். மூன்றாண்டு கழித்து இலண்டனில் தானே காற்றுத்துப்பாக்கி ஏந்தி வருகிறான். தலைவன் உயிரோடிருப்பின் இவன் தனித்து இயங்குவானேன்? கதையினுள்ளேயே விடை கிடைக்கிறது. இவ்வாறு பாத்திரங்களின் செயலைக் கொண்டு நிறுவப்படுவது திறனாய்வு. நாடகம் பற்றிய ஊகங்களுட் பல இத்தகையன அல்ல. 1893இல் மோரியார்ட்டிக்காக அழுதார் இலர். கதையில் அவன் தோன்றும் இடமே சிறிது. 2012இலோ ஆண்ட்ரூ ஸ்காட்டின் நடிப்பு அவனைக் கதைத்தலைவனுக்கு நிகராக உயர்த்திவிட்டது. மீண்டும் அவரைக் காணவேண்டும் என்ற அவாவே சான்றாக உருமாறியது. (எம்.ஜி.ஆர். படங்களில் நம்பியார் வீழ்ந்தபின், அவர் மீள்வாரோ என ஏங்கிய இரசிகர் உண்டோ?)

இந்த அவாவை நாடக ஆசிரியர்களாகிய மோபட்டும் கேட்டிசும் கையாண்ட முறைதான் குறைகூறற்குரியது. 2014இன் முதற்பகுதியில், ஹோம்ஸ் தப்பிய வகையைப் பற்றி ஊகிக்கும் இரசிகர் கூட்டமொன்றையே கதைக்குள் கொணர்ந்து நகையாடினர். நகையாடிய இருவாரத்திற்குள், இங்கிலாந்தின் திரைகளிலெல்லாம் மோரியார்ட்டியின் முகம் தோன்றுவதாகக் காட்டித் தொடரை நிறுத்தினர். ஊகிப்பாரை எள்ளிய கையே ஊகத்திற்கு நெய் வார்த்தது. 2016இல், தன்னைச் சுட்டுக்கொண்ட மணமகள் ஒருத்தி மீண்டுவந்தது போலத் தோன்றிய பழைய வழக்கொன்றை ஹோம்ஸ் தன் மனத்துள் ஆராய்ந்து, மோரியார்ட்டி மாண்டது மெய்யே, அவன் வகுத்த சூழ்ச்சியே எஞ்சியுள்ளது எனத் துணிகிறான். 2017இல் அவன் பழைய நினைவுக் காட்சியிலும் முன்னரே பதிவுசெய்த படங்களிலும் மட்டுமே வருகிறான். மாண்டவனை மாண்டவனாகவே விட்டது நேர்மையான முடிவு. அவன் மீண்டிருப்பின், பகைவனின் சாவால் வேறு வழியற்றுத் தன் பெயரையும் வாழ்வையும் துறந்த ஹோம்சின் செயல் பொருளற்றுப் போயிருக்கும். ஆயின் அம்முடிவை ஈராண்டு ஒளித்துவைத்து ஆசை காட்டியது வணிகத் தந்திரமேயாம்.

தமிழாசிரியர் நோக்கத்தக்கது வேறொன்று உண்டு. கைகுலுக்கிய கை எது, சுவடு எத்திசையில் சென்றது என்றெல்லாம் நுணுகி வாதிடும் அதே மாணவன், எஸ்.பி.எம். இலக்கியத் தாளில் பாத்திரப் படைப்பைப் பற்றிக் குறிப்பேட்டில் மனனம் செய்ததை எழுதிவருகிறான். கம்பனிலோ இவ்வழக்கு முழுமையாகவே உள்ளது. மாயாசீதைப் படலத்தில் இந்திரசித்து அனுமன் கண்முன்னே சீதையை வெட்டி வீழ்த்துகிறான். கண்ட சாட்சி அனுமன், பொய்யுரையாதவன். அவன் சொற்கேட்டு இராமனும் வானரரும் உணர்விழந்து வாடுகின்றனர். அரக்கர் மாயத்தை உள்ளிருந்து அறிந்த வீடணன் ஒருவனே ஐயுறுகிறான். இக்காட்சியால் பயன்பெறுபவன் யார் என்பது அவன் உள்ளத்தில் எழும் வினா. அவன் வண்டின் உருக்கொண்டு அசோகவனம் புகுந்து, சீதை உயிரோடிருத்தலைக் கண்டு மீள்கிறான். இந்திரசித்து நிகும்பலையில் வேள்வி செய்யச் சென்ற உண்மையும் வெளிப்படுகிறது. அனுமன் கூறியதைக் கேட்டு அனைவரும் அழுதுகொண்டே இருந்திருப்பின், அதற்குள் அந்த வேள்வி முடிந்திருக்கும்.